புது வீட்டில் சரவுண்ட் ஸ்பீக்கர் ஒயரிங்கை முடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் 30×40 அடி சைட்டில் எழும் வீடுகளில் சரவுண்ட் ஒயரிங் பாதியில் நிற்கும் கட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். பூச்சு வேலை முடிந்திருக்கும். சுவரில் ஆங்காங்கே பாக்ஸும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒயரும் தெரியும். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது எலெக்ட்ரீஷியனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் அதற்குள் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார்.

அங்கிருந்து முதல் ஒலி கேட்கும் வரையிலான வேலை இது. எடுத்துக்காட்டுக்கு 12 அடி அகலம், 16 அடி நீளம், 10 அடி உயரமுள்ள ஹாலை வைத்துக்கொள்வோம். டிவி 12 அடிச் சுவரில். அமைப்பு 5.1.2: முன்னால் இடது, நடு, வலது என மூன்று, பக்கத்துக்கு ஒரு சரவுண்ட், தலைக்கு மேல் இரண்டு, ஒரு சப்வூஃபர்.

வேலை கடினமில்லை, நேரம் தப்பினால்தான் வம்பு. மூன்று கெடுக்களை மனத்தில் வையுங்கள்: ஃபால்ஸ் சீலிங்கில் ஜிப்சம் போர்டு ஏறுவதற்கு முன், பெயிண்ட் கடைசிக் கோட்டுக்கு முன், டிவி யூனிட்டைச் சுவரில் மாட்டுவதற்கு முன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மல்டிமீட்டரோடு அரை நாள் ஒதுக்கினால் போதும்.

எந்த ஒயர் எங்கே போகிறது?

ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பெருக்கி அனுப்பும் கருவி) வரப்போகும் பாக்ஸில் ஏழெட்டு ஜோடி ஒயர் வந்து நிற்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரே ஒரு ஜோடியின் முனைகளைச் சீவி, இரண்டையும் சேர்த்து முறுக்குங்கள். ரிசீவர் பக்கம் வந்து மீட்டரை பீப் நிலையில் வைத்து ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுப் பாருங்கள். கத்துவது அந்த ஜோடி. உடனே இரு முனையிலும் லேபிள் ஒட்டி, முறுக்கியதைப் பிரித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிரித்த பின் அதே ஜோடியை மறுபடி தொட வேண்டும். அப்போது பீப் வரக் கூடாது. வந்தால் வழியில் எங்கோ ஷார்ட்.

லேபிளில் 'பின் இடது' என்று எழுதுவதைவிட 1, 2, 3 என்று எண் போடுவது நல்லது. பெங்களூர் சைட்டில் ஒயரிங் ஆள் தமிழ் படிப்பார், சீலிங் ஆள் இந்தி மட்டும் படிப்பார், பெயிண்டருக்குக் கன்னடம்தான் வரும். எண் எல்லோருக்கும் புரியும். எந்த எண் எந்த ஸ்பீக்கர் என்ற பட்டியல் உங்கள் போனில் இருந்தால் போதும். வெறும் காகித டேப், சுவருக்குப் பட்டி (புட்டி) பூசும்போது நனைந்து விழுந்துவிடும். எழுத்தின் மேல் செல்லோ டேப் சுற்றுங்கள், அல்லது சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயில் எழுதிச் சுருக்கிவிடுங்கள்.

பீப் மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம். முனைகள் முறுக்கியிருக்கும்போதே மீட்டரை ஓம் நிலைக்கு மாற்றி அளவு பாருங்கள். மீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அளவை முதலில் கழித்துவிட வேண்டும். மலிவு மீட்டரில் அதுவே 0.2 முதல் 0.5 ஓம் வரை இருக்கும். கழித்த பிறகும் 2 ஓம், 3 ஓம் என்று நின்றால் பைப்புக்குள் யாரோ ஒயரை முறுக்கி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒயரை உருவிவிட்டு முழு நீளத்தில் புதிதாக இழுங்கள். பைப்புக்குள் ஒட்டு கூடாது. தவிர்க்கவே முடியாத ஒட்டு என்றால், கை எட்டும் ஜங்ஷன் பாக்ஸில், சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு இருக்க வேண்டும்.

ஒயரின் தடிமன், செம்பின் தரம்

இந்த ஹாலுக்குத் தேவைப்படும் நீளம், இரு முனையிலும் விடும் உபரி சேர்த்து, ஏறத்தாழ இவ்வளவு: முன் இடது, வலது தலா 4 மீட்டர், நடு 3 மீட்டர், சரவுண்ட் தலா 13 மீட்டர், மேலே உள்ளவை தலா 9 மீட்டர். மொத்தம் 55 மீட்டர் இரட்டை ஒயர். 60 மீட்டராக வாங்குங்கள். சரவுண்டுக்கு ஏன் 13 என்றால், ஒயர் நேராகப் போவதில்லை: யூனிட்டிலிருந்து சுவரேறி, கூரை ஓரமாகத் திரும்பி, பக்கச் சுவர் வழியாக நடந்து, மறுபடி இறங்க வேண்டும்.

தடிமனைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். ஒயரின் போகவரத் தடை, ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 13 மீட்டர் ஓட்டம் என்றால் போகவர 26 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் இது சுமார் 0.35 ஓம், 2.5 சதுர மி.மீ. ஒயரில் சுமார் 0.21 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு வரம்பு 0.4, 6 ஓமுக்கு 0.3. ஆக 8 ஓமுக்கு 1.5 தாங்கும், 6 ஓமுக்கு 2.5 வேண்டும். பிற்பாடு ஸ்பீக்கரை மாற்ற மாட்டீர்கள் என்று யார் சொல்ல முடியும்? எல்லாவற்றுக்கும் 2.5 போட்டுவிடுவது உத்தமம். கேஜ் கணக்கில் விற்கும் கடையில் 14 கேஜ் என்றால் சுமார் 2.1 சதுர மி.மீ., 16 கேஜ் என்றால் 1.3. கேஜ் எண் கூடினால் ஒயர் மெலியும், கவனம்.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் மீட்டர் கணக்கிலும் சுருளாகவும் ஸ்பீக்கர் ஒயர் கிடைக்கும். அங்கே ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும்: அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசிய ஒயர். வெளியே பார்க்க அசல் செம்பு மாதிரியே பளபளக்கும். ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கையில் தூக்கினாலும் எடை குறைவு. கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 2.5 என்று வாங்கி 1.5 வேலையைத்தான் பெறுவீர்கள். வளைத்து வளைத்து ஒடியும் குணமும் அதற்குண்டு. மீட்டருக்குப் பல நூறு ரூபாய் சொல்லும் அலங்கார ஒயர் இன்னொரு எல்லை; அந்தப் பணத்தைச் செம்பின் தடிமனிலும் பைப்பின் அகலத்திலும் போடுங்கள், காதுக்குக் குறை தெரியாது.

வீட்டு ஒயரிங்கில் மீந்த சிவப்பு, கறுப்பு ஒற்றை ஒயரைச் சில எலெக்ட்ரீஷியன்கள் ஸ்பீக்கருக்கும் இழுத்துவிடுவார்கள். ஒலிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நாலு வருஷம் கழித்து இன்னொரு ஆள் வந்து பாக்ஸைத் திறக்கும்போது, அவர் கண்ணுக்கு அது 230 வோல்ட் லைன். ஒரு பிளக் பாயின்ட் கூடுதலாகப் போடச் சொன்னால் அதில் இணைத்துவிடுவார். ஒளி ஊடுருவும் உறையுள்ள இரட்டை ஒயர் என்றால் இந்தக் குழப்பமே எழாது.

போர்டு ஏறும் முன்

முதல் கெடு இது, இதைத் தவறவிட்டால் செலவு அதிகம். சீலிங்கின் ஜிஐ சட்டம் மட்டும் மாட்டியிருக்கும் நாளில் சைட்டில் இருங்கள்.

மேல் ஸ்பீக்கரின் இடத்தை முதலில் தரையில் குறியுங்கள். சோபாவில் உட்கார்பவரின் காது தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. ஃபால்ஸ் சீலிங் 9.5 அடியில் நின்றால் காதுக்கும் அதற்கும் 6 அடி. இரண்டே மேல் ஸ்பீக்கர் வைக்கும்போது அவை தலைக்கு மேலே, ஒரு அடி முன்னால் தள்ளி வரட்டும். குறுக்கில், முன் இடது, வலது ஸ்பீக்கர்களின் நேர்கோட்டில் அமையட்டும். அந்தப் புள்ளியிலிருந்து தூக்குக் குண்டு பிடித்துக் கூரைக்கு ஏற்றுங்கள். அங்கே ஜிஐ பட்டை குறுக்கே ஓடினால் இப்போதே நகர்த்தச் சொல்லுங்கள். போர்டு ஏறிய பிறகு சட்டத்தை வெட்டினால் சீலிங் தொய்யும். ஸ்பீக்கரின் பின்பக்க ஆழம், சீலிங்குக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளிக்குள் அடங்குகிறதா என்பதையும் டப்பாவில் அச்சிட்ட அளவோடு ஒப்பிடுங்கள்.

எடையைப் போர்டின் தலையில் மட்டும் ஏற்ற வேண்டாம். ஸ்பீக்கரின் பக்கக் கொக்கிகள் 12.5 மி.மீ. போர்டைக் கவ்விக்கொள்ளும், சரி. கூடவே தளத்தில் ஒரு கொக்கி அடித்து அதிலிருந்து மெல்லிய ஸ்டீல் கம்பி ஒன்றை ஸ்பீக்கர் சட்டத்துக்குக் கட்டுங்கள். கீழே குழந்தைகள் உட்காரும் இடம் அது.

ஒயர் சீலிங்குக்குள் அநாதையாகக் கிடக்கக் கூடாது. பைப்பில், அல்லது தளத்தில் கிளிப் அடித்து ஓட வேண்டும். காரணம் போர்டு ஸ்க்ரூ. அது ஒயரின் இரண்டு கடத்தியையும் துளைத்தால் ஷார்ட், ரிசீவர் பாதுகாப்பு நிலைக்குப் போய் அணைந்துவிடும், உடனே தெரிந்துவிடும். ஒரே கடத்தியைத் துளைத்தால்தான் விஷமம்: ஒயர் வேலை செய்யும், சோதனையில் தேறும், ஆனால் அந்தக் கடத்தி ஜிஐ சட்டத்தோடு சேர்ந்திருக்கும். இன்னொரு மூலையில் மற்றொரு ஒயரும் இப்படிச் சட்டத்தைத் தொட்டால் இரண்டு சேனல்கள் கூரை வழியாக இணைந்துவிடும். ஆகவே போர்டு ஏறிய அன்று மாலையே, பட்டி பூசும் முன், ஒவ்வொரு கடத்தியையும் சட்டத்தோடு வைத்து மீட்டர் பாருங்கள். ஒன்றும் கத்தக் கூடாது.

230 வோல்ட் லைனோடு ஸ்பீக்கர் ஒயர் ஒரே பைப்பில் போகவே கூடாது. பக்கத்தில் ஓடினால் ஓர் அடி இடைவெளி; குறுக்கே தாண்டினால் செங்குத்தாகத் தாண்டட்டும். சீலிங் ஓரத்தில் மறைந்து எரியும் கோவ் லைட்டின் எல்இடி டிரைவரை ஸ்பீக்கர் ஒயர் மேலேயே வைத்துவிடுவது சீலிங் ஆட்களின் பழக்கம், அதையும் பாருங்கள். 25 மி.மீ. பைப்பில் மூன்று ஜோடிக்கு மேல் நெருக்க வேண்டாம். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் கூரையையும், டேப்பை விரித்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். திரைக் கம்பி மாட்டுபவர் டிரில்லோடு வரும் நாளில் அந்தப் படங்கள் உதவும்.

அபார்ட்மென்ட் என்றால் ஒரு விஷயம். பெங்களூரின் புதிய அடுக்ககங்கள் பல மைவான் முறையில் கட்டப்பட்டவை. சுவரும் காங்கிரீட்டாகவே வார்த்தது. அது பாரம் தாங்கும் சுவர், பைப் பதிக்க வெட்டக் கூடாது. அங்கே ஃபால்ஸ் சீலிங், டிவி பேனலின் பின்புறம், ஸ்கர்ட்டிங் ஓரமாகக் கேசிங் பட்டை என்ற மூன்று வழிகள்தான்.

பக்க ஸ்பீக்கர் எங்கே, எந்த உயரத்தில்?

5.1 அமைப்பில் சரவுண்ட், கேட்பவரின் நேர் முன்னிலிருந்து 110 முதல் 120 டிகிரியில், அதாவது பக்கத்திலிருந்து சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். நம் ஹால்களில் சோபா பின் சுவரை ஒட்டியே கிடக்கும், பின்னால் இடமே இருக்காது. அப்போது பக்கச் சுவரில் சோபாவுக்கு நேராக, 90 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம். உயரம் தரையிலிருந்து 4 முதல் 5 அடி. எலெக்ட்ரீஷியனிடம் விட்டால் 7 அடியில் பாக்ஸ் வைத்துவிடுவார். மேல் ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் அது பரவாயில்லை. இங்கே மேலிருந்து வரும் ஒலியும் பக்க ஒலியும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோல் கலந்துவிடும். பாக்ஸ் ஏற்கெனவே உயரத்தில் இருந்தால், பூச்சு ஈரம் காயும் முன் கீழிறக்கப் பேசுங்கள். முடியாவிட்டால் கோணம் மாறும் பிராக்கெட் வாங்கி ஸ்பீக்கரைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

முன் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரி. 10 அடி தூரத்தில் உட்கார்ந்தால் நடுவிலிருந்து தலா 4 முதல் 5.75 அடி. 12 அடிச் சுவரில் தலா 4.5 அடி சரியாக வரும்.

பட்டி, பெயிண்ட்

பட்டிக்காரர் வரும் முன் எல்லா பாக்ஸிலும் ஒயரைச் சுருட்டி உள்ளே தள்ளி, தெர்மோகோல் துண்டை வெட்டி அடைத்து மேலே டேப் ஒட்டுங்கள். காலிப் பைப்புகளின் வாயையும் மூடுங்கள். உள்ளே பட்டி இறங்கிக் காய்ந்தால் கல்தான், பிறகு ஒயர் இழுக்கும் ஸ்பிரிங் கம்பி நுழையாது. சுவரில் உபரி அரை மீட்டர், ரிசீவர் பக்கம் 2 மீட்டர் இருக்கட்டும். சீலிங் ஓட்டையை முதல் கோட் பெயிண்ட் காய்ந்த பின், டப்பாவில் வரும் அட்டை வார்ப்பை வைத்து வெட்டச் சொல்லுங்கள். கண் மதிப்பில் வெட்டிய வட்டம் எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் போகும். கடைசிக் கோட் முடிந்த பின் ஸ்பீக்கரை ஏற்றலாம்.

முனைகளை முடிப்பது

ஒயரை 12 மி.மீ. சீவுங்கள். பல்லால் அல்ல, ஸ்ட்ரிப்பரால். கத்தியில் சீவினால் நாலைந்து இழைகள் அறுந்து போகும், வெளியே தெரியாது. இழைகளை அவை ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே முறுக்குங்கள். ரிசீவரில் நேராகச் செருகும் பனானா பிளக் போடுவது நல்லது, யூனிட்டுக்குப் பின்னால் தலைகீழாகக் குனிந்து செய்யும் வேலை எளிதாகும். திருகி இறுக்கும் முனைகளில் சால்டர் பூசிய ஒயரை வைக்க வேண்டாம்; ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, சில மாதத்தில் பிடி தளரும்.

ரிசீவர் பின்னால் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான். தப்பிய ஒரே ஒரு இழை இரண்டையும் தொட்டால் ரிசீவர் அணையும். 'ரிசீவர் போயிடுச்சு சார்' என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போகும் முன், டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள்.

பிளஸ், மைனஸ் மாறாமலிருக்க, உறையில் கோடோ எழுத்தோ உள்ள கடத்தியை எல்லா இடத்திலும் பிளஸ்ஸாக வையுங்கள். சந்தேகம் வந்தால் ரிசீவர் பக்க முனையில் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை நொடிப்பொழுது தொடுங்கள். பேட்டரி பிளஸ் ஒயரின் பிளஸ்ஸில் பட்டதும் ஸ்பீக்கர் கோன் வெளியே எழும்பினால் சரி. உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது. இதைச் செய்யும்போது ஒயர் ரிசீவரில் இணைந்திருக்கக் கூடாது.

சுவர் பிளேட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்பீக்கர் பாயின்ட்டுக்குச் சாதாரண இரண்டு முள் சாக்கெட்டை மாட்டிவிடும் வழக்கம் இங்கே உண்டு, மலிவு என்பதால். அதற்கேற்ற பிளக் ஸ்பீக்கர் ஒயரின் முனையில் வந்துவிடும். விருந்தாளி வீட்டுப் பிள்ளை அதைப் பிடுங்கிப் பக்கத்து 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் ஸ்பீக்கர் எரியும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். பைண்டிங் போஸ்ட் (ஒயரைத் திருகிப் பிடிக்கும் முனை) உள்ள ஸ்பீக்கர் மாட்யூல் தனியாகக் கிடைக்கிறது, அதையே போடுங்கள். சரவுண்ட் இடத்தில் பிளேட்டே தேவையில்லை. கார்ட் அவுட்லெட் மாட்யூலின் ஓட்டை வழியாக ஒயரை நேராக ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகலாம், ஓர் இணைப்பு மிச்சம். எப்படியானாலும் அந்த பாக்ஸுக்குள் மின் ஒயர் இருக்கக் கூடாது.

சப்வூஃபரும் எச்டிஎம்ஐயும்

பவர்டு, அதாவது உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள சப்வூஃபரை ரிசீவரோடு இணைக்க ஸ்பீக்கர் ஒயர் வேண்டாம். அதற்குக் கவசமுள்ள கோஆக்ஸ் கேபிள் வேண்டும். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி6 கேபிளே போதும். பைப்பில் மொட்டையாக இழுத்து, இரு முனையிலும் எஃப் கனெக்டர் திருகி, அதன் மேல் ஆர்சிஏ அடாப்டர் போடுங்கள். முன் மூலையிலும் பின் மூலையிலும் ஒவ்வொரு பாயின்ட் விட்டால் பேஸ் சரியாக விழும் இடத்துக்கு சப்பை மாற்றலாம். அந்த இரு இடத்திலும் 6 ஆம்பியர் சாக்கெட் வேண்டும் என்பதை எலெக்ட்ரீஷியனிடம் இப்போதே சொல்லுங்கள், இதைத்தான் எல்லோரும் மறப்பது.

எச்டிஎம்ஐ கேபிளின் தலை 20 மி.மீ. பைப்பில் நுழையாது. டிவியின் பின்னாலிருந்து யூனிட்டுக்கு 40 மி.மீ. பைப்பை, முழங்கை போடாமல் நீள வளைவாக இறக்குங்கள். 5 மீட்டருக்கு மேல் போகும் 4கே இணைப்புக்கு ஆப்டிகல் வகை எடுங்கள். அதற்குத் திசை உண்டு. ஒரு தலையில் சோர்ஸ், மறு தலையில் டிஸ்ப்ளே என்று அச்சிட்டிருக்கும். தரையில் விரித்துப் படம் வருகிறதா என்று பார்த்த பிறகே பைப்பில் இழுங்கள். டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும், இஆர்க் (eARC) என்று குறித்த போர்ட்டில்தான் செருக வேண்டும்.

பவர் கொடுக்கும் முன் கடைசி மீட்டர்

எல்லா ஸ்பீக்கரும் மாட்டியாயிற்று, ரிசீவரில் இன்னும் செருகவில்லை. இப்போது ரிசீவர் பக்கம் ஒவ்வொரு ஜோடியையும் ஓம் நிலையில் அளந்து எழுதுங்கள். 8 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கர் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், 6 ஓம் ஸ்பீக்கர் 4 முதல் 5.5 வரை. அது குறையல்ல, மீட்டர் அளப்பது நேர் மின்னோட்டத் தடையை. 1 ஓமுக்குக் கீழே இருந்தால் ஷார்ட், எதுவும் காட்டாவிட்டால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு சரவுண்டில் ஒன்று 6, மற்றது 9 என்றால் இரண்டாவதன் முனை தளர்வு. இந்த எண்களைப் பட்டியலோடு சேர்த்து டிவி யூனிட் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல்

இது பெரும்பாலும் சப்பில்தான் வரும். சப்பிலிருந்து ஆர்சிஏ கேபிளைக் கழற்றுங்கள். கழற்றியும் இரைந்தால் சப்பிலேயே கோளாறு. நின்றுவிட்டால் எர்த் சுற்று, அதாவது சாதனங்களின் எர்த் இணைப்புகள் கேபிள் வழியாக ஒரு வளையமாகிவிட்டன. அடுத்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பலமுறை குற்றவாளி அதுதான். அந்த வளையத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரைக் கேபிளில் போட்டால் தீரும். அதுவும் இல்லையென்றால் ரிசீவர், டிவி, சப் மூன்றையும் ஒரே சர்க்யூட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிளக்கின் மூன்றாவது முள்ளான எர்த் முள்ளை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். போவது உங்கள் பாதுகாப்பும்தான்.

மைக் வைத்து அளவு எடுத்தல்

ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் ஒலியளவையும் ரிசீவர் தானே அளந்து சரிசெய்யும். அதற்காக ரிசீவரோடு வரும் மைக்கைக் கையில் பிடிக்காமல், ட்ரைபாடில் காது உயரத்தில் நிறுத்துங்கள். மின்விசிறி, ஏசி, மிக்ஸி எல்லாம் ஓய்ந்த நேரம் பாருங்கள். விடியற்காலை சரிப்படும், பக்கத்து வீட்டார் தூக்கம் கலையாத அளவில். முடிந்ததும் தானாக 'லார்ஜ்' என்று வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை, அதாவது எந்த எல்லைக்குக் கீழுள்ள ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்பதை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஏதாவது ஸ்பீக்கருக்கு 'ஃபேஸ் (phase) மாறியுள்ளது', அதாவது பிளஸ், மைனஸ் மாறியுள்ளது என்று திரை சொன்னால் பேட்டரி சோதனையை ஒருமுறை செய்யுங்கள். ஒயர் சரியாக இருந்தால் அந்தச் செய்தியைத் தள்ளிவிடலாம், சுவர் எதிரொலியும் மைக்கை ஏமாற்றும். சப்பின் தூரம் டேப்பில் அளந்ததைவிட அதிகமாகத் தெரியும். சப்பின் உள்ளே ஆகும் தாமதத்தையும் சேர்த்து ரிசீவர் போடும் கணக்கு அது, அந்த எண்ணை மாற்ற வேண்டாம்.